வாசகர் கேள்வி-பதில்: சந்தைக்கு விதி எழுதுவது எப்படி?

ஏலம், இணையத் தளம், இட ஒதுக்கீடு என்று வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்கும் ஏற்பாடுகளைப் பற்றி வந்த கேள்விகளில் சில இங்கே. கணக்குகளில் உள்ள எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை.

கேள்வி: பழுதுவேலை செய்பவர்களையும் வீட்டுக்காரர்களையும் இணைக்கும் தளம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். வேலைக்காரர் பதிவு செய்துவிட்டு, வேலை வரவில்லை என்று போய்விடுகிறார். வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று போய்விடுகிறார். இரு தரப்புக்கும் இலவசம்தான். யாரை முதலில் பிடிப்பது?

பதில்: யாரை என்பதற்கு முன்னால் எங்கே, எந்த வேலைக்கு என்று முடிவு செய்யுங்கள். 200 பேர் பதிவு செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் 20 வகை வேலைகளிலும் 10 வட்டாரங்களிலும் சிதறிக் கிடந்தால், ஒரு வட்டாரத்தில் ஒரு வேலைக்குச் சராசரியாக ஒரே ஆள்தான். அவர் அன்றைக்கு வேறு வேலையில் இருந்தால் தேடி வந்தவருக்கு உங்கள் தளம் வெறும் பக்கம். குழாய் வேலை மட்டும், இரண்டு வட்டாரம் மட்டும் என்று சுருக்கி 30 பேரைச் சேர்த்தால் அதே தளம் கூட்டமாகத் தெரியும். சந்தைக்கு முதல் தேவை அடர்த்தி. மொத்தத் தலைக்கணக்கு அதைக் காட்டாது.

அதனால் பதிவு எண்ணிக்கையைக் கொண்டாடுவதை விட்டுவிட்டு இரண்டு எண்களை வாரம்தோறும் பாருங்கள். வந்த 100 கோரிக்கைகளில் எத்தனைக்கு இரண்டு மணி நேரத்துக்குள் ஆள் உறுதியானது? புதிதாகச் சேர்ந்த 100 வேலைக்காரர்களில் எத்தனை பேருக்கு இரண்டு வாரத்துக்குள் முதல் வேலை கிடைத்தது? முதல் எண் குறைந்தால் ஆள் பற்றாக்குறை. இரண்டாவது குறைந்தால் வேலைப் பற்றாக்குறை. விளம்பரச் செலவை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை இந்த இரண்டும் சொல்லிவிடும்.

பொதுவாகக் கிடைப்பதற்கு அரிதான தரப்பை முதலில் பிடிக்க வேண்டும். மறுதரப்பு வராத நாளிலும் அவர்களுக்குப் பயன்படும் ஏதாவது ஒன்று உங்கள் கையில் இருந்தால் வேலை பாதி முடிந்தது. 1998-இல் தொடங்கிய ஓப்பன்டேபிள் உணவகங்களுக்கு மேசை முன்பதிவுப் பேரேட்டைக் கணினியில் நடத்தும் வசதியைக் கொடுத்தது. இணையத்தில் முன்பதிவு செய்ய ஒருவருமே வராவிட்டாலும் உணவகத்துக்கு அது உதவும். உங்கள் வேலைக்காரர்களுக்கு ரசீது போடும் வசதியோ, நாள்குறிப்போ அந்த இடத்தில் இருக்கலாம்.

இனி கட்டணம். பொருளாதார வல்லுநர்கள் ஜான்-ஷார்ல் ரோஷேவும் ஜான் டிரோலும் 2003-இல் எழுதிய கட்டுரை, இரு தரப்பை இணைக்கும் தளங்களைப் பற்றிய ஆய்வுக்கே அடித்தளம். ஒரு பரிவர்த்தனைக்கு மொத்தம் எவ்வளவு வசூலிக்கிறோம் என்பதோடு, அதை இரு தரப்புக்கும் எப்படிப் பிரிக்கிறோம் என்பதும் பரிவர்த்தனையின் அளவைத் தீர்மானிக்கும் என்றார்கள். கடன் அட்டையில் அட்டை வைத்திருப்பவருக்குப் பரிசுப் புள்ளி, கடைக்காரருக்குக் கட்டணம் என்று இருப்பது இதனால்தான். கட்டணம் ஏறினாலும் விலகாத, மறுதரப்பு வந்தால் அதிகம் ஆதாயம் அடையும் தரப்பு சுமையைத் தாங்கும்.

இரு தரப்புக்கும் இலவசம் என்பது பெருந்தன்மையாகத் தெரியலாம். ஆனால் நெரிசல் அங்கேதான் பிறக்கிறது. விலை சொல்வதற்குச் செலவே இல்லையென்றால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 40 பேர் படித்துப் பார்க்காமலே விலை அனுப்புவார்கள். வீட்டுக்காரர் முதல் நான்கைப் படிப்பார். மீதி 36 பேர் சலித்துப்போவார்கள், அவர்களில் நல்லவர்கள்தான் முதலில் கிளம்புவார்கள். ஒரு கோரிக்கைக்கு ஐந்து விலை வந்ததும் கதவை மூடுங்கள், அல்லது ஒருவர் ஒரு நேரத்தில் வைத்திருக்கக்கூடிய பதில் வராத விலைகளுக்கு வரம்பு போடுங்கள். விசாரணைக்கு இவ்வளவு என்று வேலைக்காரரிடம் வசூலிக்கும் முறையும் உண்டு. அதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஒரே விசாரணையைப் பத்துப் பேருக்கு விற்றால் தளத்துக்குப் பத்து மடங்கு வருமானம் என்பதால் உங்கள் நலனும் அவர்கள் நலனும் அன்றே பிரிந்துவிடும். வேலை முடிந்த பிறகு கமிஷன் என்பதே ஆரம்பத்தில் பாதுகாப்பானது.

கேள்வி: கமிஷன் வைத்தோம். முதல் வேலை முடிந்ததும் இருவரும் தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டு எங்களை விட்டுப் போய்விடுகிறார்கள். எண்ணை மறைத்தும் பலனில்லை.

பதில்: எண்ணை மறைப்பது முதல் சந்திப்பு வரைக்கும்தான் உதவும். நேரில் பார்த்துவிட்ட இருவரை மென்பொருளால் பிரிக்க முடியாது. முதல் வேலைக்கு நீங்கள் செய்தது தேடித் தந்த வேலை. ஐந்தாவது வேலைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒன்றும் செய்யாமல் அதே 20 சதவீதம் கேட்டால் போகத்தான் செய்வார்கள்.

மருந்து இரண்டு. ஒன்று, அதே இருவருக்கிடையே வேலை தொடரத் தொடரக் கமிஷனைக் குறைப்பது. தனித்தொழிலாளர்களுக்கு வேலை தேடித் தரும் அப்வொர்க் தளம் 2016-இல் ஒரே வாடிக்கையாளரிடம் ஈட்டும் தொகை ஏற ஏற 20, 10, 5 சதவீதம் என்று இறங்கும் படிநிலையைக் கொண்டுவந்தது. 2023-இல் அதை விட்டு 10 சதவீத ஒரே விகிதத்துக்கு மாறியது. படிநிலையின் உள்நோக்கம் இதுதான்: நீடிக்கும் உறவின் மேல் சுமை குறைவு. மற்றொன்று, தளத்துக்குள் பணம் கொடுத்தால் மட்டும் கிடைக்கும் பயன்: வேலை கெட்டால் இழப்பீடு, பணம் உரிய நேரத்தில் வரும் என்ற உறுதி, தகராறில் தீர்ப்பு. வேலை எவ்வளவு அடிக்கடி திரும்ப வருகிறதோ அவ்வளவுக்குக் கசிவும் அதிகம். தினமும் வரும் வீட்டுவேலைக்குக் கமிஷன் முறையே பொருந்தாது என்று சொல்வோம். அங்கே ஆளைச் சேர்த்துவைப்பதற்கு ஒருமுறைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒதுங்குவது நல்லது.

கேள்வி: எங்கள் தளத்தில் எல்லாருக்கும் 4.7, 4.8 ஸ்டார். நல்லவர் யார், சுமாரானவர் யார் என்றே தெரியவில்லை. புதிதாக வந்தவர் ஒரே ஒரு 5 ஸ்டார் வாங்கிக்கொண்டு பட்டியலின் உச்சியில் நிற்கிறார்.

பதில்: இரண்டாவது தொல்லை எளிது, அதை முதலில் தீர்ப்போம். வெறும் சராசரியைக் காட்டாதீர்கள். ஒவ்வொருவருக்கும் தளத்தின் சராசரியிலேயே பத்து கற்பனை மதிப்பீடுகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். தளச் சராசரி 4.5 என்றால், ஒரே ஒரு 5 வாங்கியவருக்கு (45 + 5) ÷ 11 = 4.55. 200 மதிப்பீடுகளில் 4.8 வாங்கியவருக்கு (45 + 960) ÷ 210 = 4.79. வரிசை நேராகிவிடும். பத்துக்குப் பதில் ஐம்பது வைத்தால் புதியவர் எழுந்திருக்கவே மாட்டார். இரண்டு வைத்தால் பழைய கோளாறு திரும்பும். கூடவே, பட்டியலில் ஒன்றிரண்டு இடங்களைப் புதியவர்களுக்கு என்று சுழற்சியில் ஒதுக்குங்கள். யாரும் பார்க்காதவருக்கு மதிப்பீடு எங்கிருந்து வரும்?

முதல் தொல்லைக்கு வேர் ஆழம். இருவரும் ஒருவரையொருவர் மதிப்பிடும் இடத்தில், நான் குறை சொன்னால் அவரும் சொல்வார் என்ற பயம் இருக்கும். ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் விற்பவர்கள் பழிக்குப் பழியாக மதிப்பிட்டதால் வாங்கியவர்கள் வாய்மூடிப் போனார்கள். 2008-இல் விற்பவர்கள் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு கொடுப்பதை ஈபே தடைசெய்தது. வீடுகளைத் தங்க வாடகைக்கு விடும் ஏர்பிஎன்பி தளம் 2014-இல் வேறு வழியைப் பிடித்தது. இருவரும் எழுதி முடிக்கும் வரை, அல்லது 14 நாள் கெடு தீரும் வரை, இருவர் எழுதியதும் மூடியே இருக்கும். எதிரில் இருப்பவர் என்ன எழுதினார் என்று தெரியாததால் பழிவாங்க வழியில்லை. ஆனால் பயம் போனாலும் தாட்சண்யம் போகாது. வீட்டில் தங்கவைத்து முகம் பார்த்துப் பேசியவருக்கு மூன்று ஸ்டார் போட மனம் வராது.

அதனால் மௌனத்தையும் எண்ணுங்கள். கிறிஸ் நோஸ்கோவும் ஸ்டீவன் டடெலிஸும் ஈபே தரவுகளை வைத்துக் காட்டியது இது: நல்ல மதிப்பீடுகளை, எழுதப்பட்ட மதிப்பீடுகளால் வகுக்காமல், நடந்த மொத்த விற்பனையால் வகுத்தால் வேறுபாடு வெளியே வருகிறது. 100 விற்பனையில் 60 நல்ல மதிப்பீடும் ஒரு மோசமான மதிப்பீடும் பெற்றவர், 100 விற்பனையில் 30 நல்ல மதிப்பீடு மட்டும் பெற்றவரைவிடப் பெரும்பாலும் மேல். வழக்கமான சதவீதத்தில் முதலாமவர் 98, இரண்டாமவர் 100 என்று தலைகீழாகத் தெரிந்திருக்கும். இந்த எண்ணை வெளியே காட்ட வேண்டாம், வரிசைப்படுத்த உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். காட்டினால் அடுத்த நாளே "மதிப்பீடு போடுங்கள்" என்ற நச்சரிப்பு தொடங்கிவிடும்.

கேள்வி: ஒரே ஒரு பொருளை ஏலத்தில் விற்க வேண்டும். அதிகம் கேட்டவர் இரண்டாவது விலையைக் கொடுத்தால் போதும் என்ற முறை விற்பவருக்கு நஷ்டம் இல்லையா? குறைந்தபட்ச விலை எவ்வளவு வைப்பது?

பதில்: பார்வைக்குத்தான் நஷ்டம். வில்லியம் விக்ரி 1961-இல் காட்டிய வாதம்: கொடுக்க வேண்டிய தொகையைத் தன் கேட்புவிலை தீர்மானிக்காது என்பதால், ஒவ்வொருவரும் தன் மனதில் உள்ள மதிப்பை அப்படியே எழுதுவதே அவருக்கு நல்லது. வென்றவர் தான் கேட்டதையே கொடுக்கும் முதல் விலை முறையில் எல்லாரும் மனதில் உள்ளதைவிடக் குறைத்து எழுதுவார்கள். கேட்பவர்கள் ஒரேவிதமானவர்கள், அவரவர் மதிப்பு அவரவருக்கு மட்டும் தெரியும் என்ற எளிய நிலையில் இரண்டு முறைகளும் சராசரியாக ஒரே வருமானத்தைத் தரும்.

ஆனால் ஆள் குறைந்தால் இரண்டாம் விலை முறை மானத்தை வாங்கிவிடும். 1990-இல் நியூசிலாந்து அலைக்கற்றை உரிமங்களை இப்படி விற்றது, குறைந்தபட்ச விலை வைக்காமல். 1,00,000 நியூசிலாந்து டாலர் கேட்ட ஒருவர், அடுத்த கேட்பு 6 டாலராக இருந்ததால் 6 டாலர் கொடுத்தார். 70 லட்சம் கேட்ட இன்னொருவர் 5,000 கொடுத்தார். பொருளாதாரக் கோட்பாட்டில் தப்பு இல்லை. பத்திரிகையில் வந்தபின் அமைச்சரால் அதை விளக்க முடியுமா என்பது வேறு கேள்வி.

குறைந்தபட்ச விலைக்கு வருவோம். கேட்பவர்களின் மதிப்பு 0 முதல் 100 வரை எங்கு வேண்டுமானாலும் சம வாய்ப்போடு இருக்கலாம், விற்காமல் வைத்துக்கொண்டால் உங்களுக்குப் பயன் எதுவுமில்லை என்று கொள்வோம். இருவர் மட்டும் வந்தால் இரண்டாம் விலை ஏலத்தின் சராசரி வருமானம் 33. குறைந்தபட்ச விலையாக 50 வைத்தால் 41.7 ஆகும், நான்கில் ஒரு முறை பொருள் விற்காமலே போகும், அதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. குறைந்தபட்ச விலையே வைக்காமல் மூன்றாவதாக ஒருவரை அழைத்து வந்தால்? 50. ஜெரமி புலோவும் பால் கிளெம்பரரும் 1996-இல் இதைப் பொதுவாகவே நிறுவினார்கள். விதிகளை நுணுக்கி நுணுக்கிச் செதுக்குவதைவிட இன்னொருவருக்குத் தகவல் சொல்வது மேல். ஒரு வாரம் கூடுதலாக விளம்பரம் செய்யுங்கள், பார்வையிட நாள் ஒதுக்குங்கள், முன்பணத்தைக் குறையுங்கள். இவ்வளவும் செய்து மூன்று பேருக்குக் குறைவாகத்தான் வருவார்கள் என்றால் அப்போது குறைந்தபட்ச விலையை உறுதியாக வையுங்கள்.

இணைய ஏலமானால் முடியும் நேரத்தைக் கவனியுங்கள். ஈபேயில் குறித்த நொடியில் ஏலம் முடியும். அதனால் கடைசி நொடிகளில் வந்து குவிவார்கள். அமேசான் முன்பு நடத்திய ஏலத்தில் கடைசிப் பத்து நிமிடத்தில் ஒருவர் விலை ஏற்றினால் ஏலம் நீளும். ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸ் இருவரும் ஒப்பிட்டபோது, கடைசி நேரக் குவியல் ஈபேயில் மிக அதிகமாகவும் அமேசானில் குறைவாகவும் இருந்தது. ஐந்து நிமிடத்துக்குள் விலை ஏறினால் இன்னும் ஐந்து நிமிடம் என்ற விதியை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பயிற்சி வகுப்புகளுக்கு விருப்ப வரிசை வாங்கி இடம் ஒதுக்குகிறோம். முதல் விருப்பமாக எழுதியவர்களுக்கு முன்னுரிமை. நியாயம்தானே? ஆனால் பலர் மனதில் உள்ளதை எழுதுவதில்லை என்று தெரிகிறது.

பதில்: உங்கள் விதிதான் அவர்களைப் பொய் எழுத வைக்கிறது. சின்னக் கணக்கில் பாருங்கள். அ, ஆ, இ என்று மூன்று வகுப்புகள், ஒவ்வொன்றிலும் ஓரிடம். ராணியும் மணியும் அ, ஆ, இ என்ற வரிசையில் விரும்புகிறார்கள். வேணு ஆ, அ, இ என்று விரும்புகிறார். தகுதி மதிப்பெண்படி அ வகுப்பின் வரிசை மணி, ராணி, வேணு. ஆ வகுப்பின் வரிசை ராணி, வேணு, மணி.

உங்கள் முறையில் முதல் சுற்றில் அ வகுப்பு மணிக்குப் போகிறது. ஆ வகுப்பை முதலில் எழுதியவர் வேணு மட்டுமே என்பதால் அது அவருக்கு முடிந்துவிடுகிறது. ராணி ஆ வகுப்புக்கு வரும்போது கதவு மூடியாகிவிட்டது. அங்கே முதல் தகுதி அவருக்குத்தான், ஆனாலும் இ-தான் மிச்சம். ஆ வகுப்பை முதலில் எழுதியிருந்தால் கிடைத்திருக்கும். விவரம் தெரிந்த பெற்றோர் இதைக் கண்டுபிடிப்பார்கள். தெரியாதவர் ஏமாறுவார்.

டேவிட் கேல், லாயிட் ஷேப்லி 1962-இல் கொடுத்த முறையில் ஒரே ஒரு மாற்றம்: இடம் உடனே உறுதியாகாது, கையில் பிடித்து வைத்திருக்கப்படும். முதல் சுற்றில் அ வகுப்பு மணியைப் பிடித்துக்கொண்டு ராணியைத் திருப்புகிறது. ஆ வகுப்பு வேணுவைப் பிடித்துக்கொள்கிறது. ராணி ஆ வகுப்புக்கு வருகிறார், அங்கே அவர் வேணுவுக்கு மேல், ஆகவே வேணு வெளியே. வேணு அ வகுப்புக்குப் போகிறார், அங்கே மணி மேல், திரும்புகிறார், இ வகுப்பில் அமர்கிறார். இனித் திருப்பப்பட்டவர் எவருமில்லை, இப்போதுதான் எல்லாம் உறுதி. ராணிக்கு ஆ, மணிக்கு அ, வேணுவுக்கு இ. யாரும் தன் உண்மையான வரிசையை மாற்றி எழுதி இதைவிட நல்லது பெற முடியாது. பாஸ்டன் நகரப் பள்ளிகள் உங்கள் முறையைப் போன்ற ஒன்றை விட்டுவிட்டு 2005-இல் இதற்கு மாறின. இங்கிலாந்தில் முதல் விருப்பத்துக்கு முன்னுரிமை தரும் பள்ளிச் சேர்க்கை விதி 2007-ஆம் ஆண்டின் நெறிமுறையால் தடைசெய்யப்பட்டது.

நடைமுறையில் இரண்டு இடத்தில் கெடும். விருப்பப் பட்டியலுக்கு மூன்று, நான்கு என்று வரம்பு போட்டால் மறுபடி பொய்தான். கிடைக்காத ஒன்றுக்கு ஒரு வரியை வீணாக்க யாரும் துணியமாட்டார்கள். எத்தனை வகுப்பு இருக்கிறதோ அத்தனையும் எழுத விடுங்கள். அடுத்தது, சம மதிப்பெண் உள்ளவர்களுக்குச் சீட்டுக் குலுக்கலை விண்ணப்பத் தேதி முடிந்த பிறகு, எல்லா வகுப்புக்கும் சேர்த்து ஒரே ஒரு முறை நடத்துங்கள்.

கேள்வி: தேவை கூடும்போது வாடகை வண்டிக் கட்டணம் ஏறுவது கொள்ளை அல்லவா?

பதில்: ஏறாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அருகில் காலி வண்டி தீர்ந்ததும் தளம் 15 நிமிடத் தொலைவில் உள்ள வண்டியை அனுப்பும். அந்த 15 நிமிடம் ஓட்டுநருக்குச் சம்பாத்தியம் இல்லை, வேறு எந்தப் பயணிக்கும் அவர் கிடைக்கமாட்டார். எல்லா வண்டியும் தூரத்துப் பயணியை நோக்கி ஓடிக்கொண்டிருக்க, முடியும் பயணங்களின் எண்ணிக்கையே விழுந்துவிடும். கட்டண ஏற்றம் இதைத் தடுக்கிறது. எவ்வளவு தொலைவு வரைக்கும் வண்டியை அனுப்பலாம் என்று வரம்பு போடுவதும் ஓரளவு தடுக்கும். அதில் சிலருக்கு "வண்டி இல்லை" என்ற பதில் வரும். ஏறும் விகிதத்துக்கு உச்சவரம்பு வைப்பதிலும், இயற்கைப் பேரிடரின்போது ஏற்றத்தை நிறுத்துவதிலும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. ஏறிய தொகையில் ஓட்டுநருக்கு எவ்வளவு போகிறது என்பதைக் கேட்டுக்கொண்டே இருங்கள்.

கேள்வி: வாங்குபவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் தள்ளுபடிக் கூப்பன் காட்டிச் சோதித்தோம். அவர்கள் 50 சதவீதம் அதிகமாக வாங்கினார்கள். எல்லாருக்கும் கொடுத்ததும் விற்பனை அசையவே இல்லை. சோதனையில் என்ன தப்பு?

பதில்: இரண்டு பாதியும் ஒரே சரக்கைப் பங்குபோட்டன. விற்க 100 பொருள், வாங்க வந்தவர்கள் 400 பேர். கூப்பன் கிடைத்த 200 பேர் முந்திக்கொண்டு 60 வாங்கினார்கள், மற்ற 200 பேருக்கு 40 மிஞ்சியது. 60-க்கு 40, உங்கள் 50 சதவீதம் இதுதான். எல்லாருக்கும் கூப்பன் கொடுத்தாலும் பொருள் 100-தான். ஒரு பாதியிடமிருந்து பறித்து மறுபாதிக்குக் கொடுத்ததையே வளர்ச்சி என்று எண்ணிவிட்டீர்கள். சரக்குத் தாராளமாக இருக்கும் தளத்தில் இந்தப் பிழை சிறிதாக இருக்கும்.

ஆட்களைப் பிரிக்காமல் சந்தையையே பிரித்துச் சோதியுங்கள். ஒன்றோடொன்று சரக்கோ வாடிக்கையாளரோ கலக்காத வட்டாரங்கள் இருந்தால், சிலவற்றில் மட்டும் கூப்பன். அப்படி இல்லையென்றால் நேரத்தைத் துண்டு போடுங்கள்: இரண்டு மணி நேரம் எல்லாருக்கும் கூப்பன், அடுத்த துண்டில் எவருக்கும் இல்லை, எந்தத் துண்டில் எது என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கட்டும். ஒரு துண்டின் விளைவு அடுத்ததில் வழியும் என்பதால் ஒவ்வொன்றிலும் முதல் 20 அல்லது 30 நிமிடத் தரவைக் கழித்துவிடுங்கள். பொருள் மெதுவாக நகரும் தளமானால் துண்டு ஒரு முழு நாளாவது இருக்க வேண்டும். பகுப்பாய்வில் எண்ண வேண்டியது துண்டுகளை, ஆட்களை அல்ல. ஒரு லட்சம் பேர் வந்திருந்தாலும் துண்டு 28 என்றால் உங்களிடம் இருப்பது 28 அளவீடுகள்தான். அதனால் இரண்டு வாரத்தில் முடிவு கேட்கும் மேலாளரிடம் ஆறு வாரம் கேட்டு வாங்குங்கள்.